கசிவும் வியர்வையும்

ஒரு பொருளுக்குப் பெயரிடுவது எளிய செயல் என்று பலரும் எண்ணுவர். பெயர் தவறினால் விளைவது வெறும் சொற்குற்றமே என்றும் கருதுவர். ஆயினும், தவறாக இட்ட ஒரு பெயர் ஒரு பெண்மணியின் சேமிப்பைக் கரைத்துவிடக் கூடும்; நடக்க இயலாத குழந்தைகள் நடை பழகும் இடத்தை மூடிவிடவும் கூடும். கிள்ளான் பள்ளத்தாக்கில் நீச்சற்குளங்களைப் பழுதுபார்த்துப் பிழைக்கும் முதியவர் ஒருவர் இவ்வுண்மையை நூல்களில் படித்து அறிந்தவரல்லர். தம் தொழிலில் இழைத்த பிழை ஒன்றினால் அறிந்தவர்.

அவர் அறுபது வயதைக் கடந்தவர். பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்தார். அவருடைய தாயார் பால்மரம் வெட்டிப் பிள்ளைகளை வளர்த்தவர். 1960களின் இறுதியில் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் சேர்ந்து ஆறாம் ஆண்டு வரை பயின்றார். அதற்கு மேல் படிக்கக் குடும்பநிலை இடம் தரவில்லை. நகருக்கு வந்து, குளிர்சாதன இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் எடுபிடியாகச் சேர்ந்தார். கண்ணால் பார்த்தும் கையால் தொட்டும் தொழிலைக் கற்றுக்கொண்டார். நீச்சற்குளங்களுக்கு வெப்பமூட்டும் இயந்திரங்கள் வரத் தொடங்கியபோது அவற்றின் பக்கம் திரும்பினார். இன்று அவருக்கு உரியவை ஒரு பழைய வேனும் இரண்டு கருவிப்பெட்டிகளுமே. உடன் உழைப்பவன் அவருடைய அக்காள் மகன்.

அந்த இளைஞனுக்கு வயது பத்தொன்பது. ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திவிட்டவன். மாமாவின் தொழிலுக்கு வந்து மூன்று திங்களே ஆகியிருந்தன. குழாய்களோடும் திருகாணிகளோடும் காலம் கழிப்பது தன் தகுதிக்குக் குறைவு என்னும் எண்ணம் அவன் முகத்தில் அவ்வப்போது தோன்றி மறையும். கருவிப்பெட்டிகளுள் ஒன்றில் விரல் நீளமுள்ள சாம்பல்நிறக் குழாய்த் துண்டு ஒன்று எப்போதும் கிடந்தது. அது எந்த இயந்திரத்துக்கும் பொருந்துவதாக இல்லை. "இந்தப் பழைய இரும்பை ஏன் மாமா சுமந்து திரிகிறீர்கள்?" என்று அவன் ஒருமுறை கேட்டான். "அது இரும்பன்று, பிறகு சொல்கிறேன்" என்று மட்டும் அவர் விடையளித்தார்.

ஒருநாள் காலை அவ்விருவரும் குழந்தைகளுக்கான மறுவாழ்வு நிலையம் ஒன்றுக்குச் சென்றனர். மூளைவாதத்தால் கைகால்கள் இறுகிப்போன குழந்தைகள் அங்கே பயிற்சி பெற்று வந்தனர். நிலையத்தின் பின்புறத்தில், கூரையின்கீழ்ச் சிறிய குளம் ஒன்று இருந்தது. கொள்ளளவு ஏறத்தாழ 20,000 லிட்டர். அதன் நீர் எந்நாளும் 33 பாகை வெப்பத்தில் இருத்தல் வேண்டும்.

வெயில் காயும் மலேசிய நாட்டில் குளத்து நீரைச் சூடாக்குவானேன் என்று கேட்கத் தோன்றும். மனித உடலின் வெப்பம் 37 பாகை. நிழலிலுள்ள குளத்து நீரோ அதனினும் பல பாகைகள் குறைந்தே இருக்கும். நலமுள்ளவர்க்கு அந்நீர் குளுமை தரும். இறுகிய தசையுள்ள குழந்தைக்கோ நடுக்கம் தரும். தசைகள் மேலும் இறுகும். வெதுவெதுப்பான நீரில் அவை தளர்கின்றன. நீரின் மிதப்பாற்றலும் துணை செய்கிறது. கழுத்தளவு நீரில் நிற்பவரின் கால்கள் தாங்கும் எடை, தரையில் தாங்குவதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே. தரையில் ஓரடியும் எடுத்து வைக்க முடியாத பிள்ளை அங்கே இரண்டடி நடக்கிறது. அந்த இரண்டடியைக் காண்பதற்காகவே பெற்றோர் பேருந்து மாறி மாறி வருகின்றனர்.

அக்குளத்துக்கு வெப்பம் ஊட்டியது, சுவரோரத்தில் நின்ற ஓர் இயந்திரம். 'ஹீட் பம்பு' என்று தொழிலாளர் அதனை அழைப்பர். வெப்பப் பம்பு என்பது பொருந்தும். அது மின்சாரத்தால் நெருப்பை மூட்டி நீரைக் காய்ச்சுவதன்று. காற்றிலிருக்கும் வெப்பத்தை அள்ளி நீருக்குள் விடுவது. வீட்டிலுள்ள குளிர்ப்பெட்டி தன்னுள்ளிருக்கும் வெப்பத்தைப் பின்புறமாக வெளியே தள்ளுவது போல, இது புறவெளியின் வெப்பத்தைக் குளத்துக்குள் தள்ளுகிறது. இவ்வாறு வெப்பத்தை இடம் மாற்றலாம் என்னும் கருத்தை, பின்னாளில் கெல்வின் பிரபு எனப் புகழ்பெற்ற வில்லியம் தாம்சன் 1852ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். 20,000 லிட்டர் நீரின் வெப்பத்தை ஒரு பாகை உயர்த்த 23 யூனிட்டுக்குச் சற்று மேற்பட்ட ஆற்றல் வேண்டும். நம் நாட்டு வெம்மையான காற்றில் இவ்வியந்திரம் அதற்குச் செலவிடும் மின்சாரம் ஏறத்தாழ ஐந்து யூனிட்டே. எஞ்சியதைக் காற்று இலவசமாக வழங்குகிறது. நன்கொடையால் நடக்கும் நிலையத்துக்கு இஃது எத்துணைப் பெரிய உதவி என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

அந்த இயந்திரத்தின் அடியில் சில வாரங்களாக நீர் தேங்கி நின்றது. முன்னர் வந்து பார்த்த பழுதுபார்ப்பவர் ஒருவர், உள்ளேயிருக்கும் வெப்பக்குழாய் உடைந்துவிட்டது என்றும் இயந்திரத்தையே மாற்ற வேண்டும் என்றும் கூறிச் சென்றிருந்தார். செலவு 20,000 வெள்ளிக்குக் குறையாது என்றார். அவ்வளவு பணம் நிலையத்தில் இல்லை. அத்திங்கள் இறுதியோடு வெந்நீர்க் குளத்தை மூடிவிடுவதென நிருவாகத்தினர் முடிவு செய்தனர். பொறுப்பாளராக இருந்த அம்மையாருக்கு மனம் கேட்கவில்லை. யாரோ சொல்லக் கேட்டு, இறுதி முயற்சியாக முதியவரை அழைத்தார்.

"ஐயா, இது பிழைக்குமா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். பிழைக்காது என்றால் பிள்ளைகளின் பெற்றோரிடம் நான் சொல்லியாக வேண்டும்" என்றார் அவர்.

"பார்க்கிறேன் அம்மா. பார்க்காமல் எதுவும் சொல்ல மாட்டேன்" என்றார் முதியவர்.

வாயிலில் நின்ற நேப்பாளக் காவலாளி மலாய் மொழியில் "போச்சோர்" என்றார். அலுவலக ஊழியர் "லீக்" என்றார். இளைஞன் தேங்கிய நீரைக் கண்டதும், "ஒழுகுகிறது மாமா, உள்ளே உடைந்துதான் இருக்கும்" என்றான். மூவரும் மூன்று மொழிச் சொற்களால் ஒரே தீர்ப்பை வழங்கிவிட்டனர். முதியவர் ஒன்றும் சொல்லவில்லை. இயந்திரத்தின் முன் குந்தி அமர்ந்து, நீர் விழுவதையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவ்வாறு பார்க்கும் பழக்கம் அவருக்குத் தமிழ்ப்பள்ளியில் ஏற்பட்டது. மழை பெய்துகொண்டிருந்த ஒருநாள், பாடம் நடத்த முடியாதபடி தகரக் கூரை பேரொலி எழுப்பியது. ஆசிரியர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மாணவர்களைச் சுற்றிலும் பார்க்கச் சொன்னார். கூரை ஒழுகுகிறது, மண்பானை கசிகிறது, சுவரில் ஈரம் பொசிகிறது, வெளியே வைத்த வாளி நிறைந்து வழிகிறது, கிணறு ஊறுகிறது, காலையில் தாய்மார் வெட்டிய மரத்திலிருந்து மங்கில் பால் சொட்டியது, வெட்டியவர் நெற்றி வியர்த்தது. ஒவ்வொன்றுக்கும் தமிழில் ஒரு சொல் உண்டென்று காட்டினார். சொல்லை மாற்றிச் சொன்ன மாணவனை அவர் அடிக்கவில்லை. "மறுபடியும் போய்ப் பார்த்துவிட்டு வா" என்று அனுப்பினார். சொல் தவறியதற்குக் காரணம் பார்வை தவறியதே என்பது அந்த ஆசிரியரின் கருத்து.

முதியவர் மெல்லத் திரும்பி, "உள்ளே உடைந்திருக்கிறது என்றாயே, எது உடைந்திருக்கிறது?" என்று கேட்டார்.

"வெப்பக்குழாய் மாமா. அவர்தாம் சொல்லிவிட்டுப் போனாராமே."

"அந்தக் குழாய்க்குள் ஓடுவது என்ன?"

"கேஸ்."

"அதைச் சுற்றி ஓடுவது?"

"குளத்துத் தண்ணீர்."

"கேஸின் அழுத்தம் தண்ணீரின் அழுத்தத்தைவிடப் பல மடங்கு மிகுதி. குழாய் உடைந்தால் முதலில் எது எதற்குள் போகும்?"

இளைஞன் சிறிது சிந்தித்தான். "கேஸ் தண்ணீருக்குள் போகும்."

"போனால்?"

"கேஸ் குறைந்துவிடும். இயந்திரம் சூடாக்காது. திரையில் பிழைக்குறி காட்டும்."

"குளத்தில் கையை வைத்துப் பார்."

நீர் வெதுவெதுப்பாக இருந்தது. வெப்பமானி 33 பாகையைக் காட்டியது. இயந்திரம் தன் கடமையைக் குறைவின்றிச் செய்துகொண்டிருந்தது. உடைந்த குழாயால் அது முடியாது. ஆகவே, முன்னவர் கூறிய தீர்ப்பு பொருந்தவில்லை. ஆயினும், நீர் விழுவது பொய்யன்று. அப்படியானால் இது எந்த நீர்?

முதியவர் இளைஞனின் கையைப் பற்றி, இயந்திரத்தின் இடப்பக்கத்து அடிவிளிம்பில் விழுந்த துளிகளை ஏந்தச் செய்தார். பிறகு வலப்பக்கத்தில், குழாய் வந்து சேரும் இடத்தின்கீழ் விழுந்த துளிகளை ஏந்தச் செய்தார். இளைஞனின் முகம் மாறியது. "மாமா, இது குளிர்ந்திருக்கிறது, அது சூடாயிருக்கிறது" என்றான். தரையில் ஒன்றாகக் கலந்து ஒரே குட்டையாகத் தேங்கிய நீர், உண்மையில் இரண்டு நீர். மேலே நின்று பார்த்தவர் எவர்க்கும் அது தெரியவில்லை.

விரல் சொன்னதை முதியவர் அப்படியே நம்பிவிடவில்லை. குளத்து நீரைச் சுழற்றும் பம்பை ஓடவிட்டு, வெப்பப் பம்பின் கம்ப்ரசரை மட்டும் நிறுத்தினார். அரைமணி நேரம் காத்திருந்தனர். இடப்பக்கத்துத் துளிகள் மெல்ல மெல்லக் குறைந்து நின்றுவிட்டன. வலப்பக்கத்துத் துளிகள் நிற்கவில்லை. இயந்திரம் உழைக்கும்போது மட்டும் விழும் நீர் ஒன்று. அது ஓய்ந்திருக்கும்போதும் விழும் நீர் மற்றொன்று.

அடுத்து, குளோரினைச் சோதிக்கும் சிறிய பெட்டியைத் திறந்தார். இளைஞன் தரையில் தேங்கிய நீரை எடுக்கக் குனிந்தான். முதியவர் தடுத்தார். "தரையைக் காவலாளி குழாய்த் தண்ணீரால் கழுவியிருப்பார், அதிலும் குளோரின் உண்டு. வெயிலில் கிடந்த தண்ணீரில் குளோரின் அழிந்தும் போகும். தேங்கியது சாட்சி சொல்லாது, விழுவதைப் பிடி" என்றார். கம்ப்ரசரை மீண்டும் ஓடவிட்டு, இரு பக்கத்துத் துளிகளையும் தனித்தனிக் குப்பிகளில் ஏந்தினர். ஒவ்வொன்றிலும் ஒரு மாத்திரையை இட்டனர். வலப்பக்கத்து நீர் இளஞ்சிவப்பாக மாறியது. அது குளத்து நீர். இடப்பக்கத்து நீர் நிறம் மாறாமல் தெளிவாகவே நின்றது.

"இது எங்கிருந்து வந்தது மாமா?" என்று அந்தத் தெளிந்த நீரைக் காட்டி இளைஞன் கேட்டான்.

"காற்றிலிருந்து வந்தது" என்றார் அவர். குளிர்ந்த பானம் நிறைந்த குவளையின் புறத்தே நீர்த்துளிகள் அரும்புவதை யாவரும் கண்டிருப்பர். குவளை உடைந்ததனால் அத்துளிகள் தோன்றுவதில்லை. காற்றிலுள்ள ஈரம், குளிர்ந்த பொருளைத் தொட்டதும் நீராகிறது. வெப்பப் பம்பின் அலுமினியத் தகடுகள் காற்றின் வெப்பத்தை உறிஞ்சுவதால் குளிர்ந்து போகின்றன. ஈரம் மிகுந்த நம் நாட்டுக் காற்று அவற்றின் ஊடே செல்லும்போது நீராகி வடிகிறது. சில இயந்திரங்களில் ஒரு மணி நேரத்துக்குப் பல லிட்டர் நீர் இவ்வாறு வடிவதுண்டு. இது கசிவன்று, ஒழுக்கும் அன்று. உழைக்கும் இயந்திரத்தின் வியர்வை.

மேலும் ஒரு வியப்பு உண்டு. ஈரம் நீராக மாறும்போது தன்னிடமுள்ள வெப்பத்தைத் தகடுகளுக்குக் கொடுத்துவிடுகிறது. ஒரு லிட்டர் நீர் இவ்வாறு படியும்போது ஏறத்தாழ மூன்றில் இரண்டு யூனிட் வெப்பம் இயந்திரத்துக்குக் கிடைக்கிறது. அவ்வெப்பமும் குளத்துக்கே போய்ச் சேர்கிறது. இழப்பு என்று எல்லாரும் அஞ்சிய நீர் உண்மையில் வரவு. பிள்ளைகளின் குளத்தைச் சூடாக்கிய உழைப்பில் அதற்கும் பங்கு இருந்தது.

ஆயினும் முதியவர் அத்துடன் நிறைவடைந்து எழுந்துவிடவில்லை. வலப்பக்கத்துச் சுடுநீருக்கு விடை வேண்டும். குழாயும் இயந்திரமும் இணையும் யூனியன் மூட்டைச் சுற்றி மெல்லிய தாளைச் சுற்றினார். தாளின் அடிப்பகுதி நனைந்தது. மேற்பகுதி உலர்ந்தே இருந்தது. மூட்டின் உள்ளிருக்கும் ரப்பர் வளையம் ஒரு பக்கமாக நசுங்கியிருக்க வேண்டும் என்று ஊகித்தார். நேராக வந்து சேர வேண்டிய குழாய் சற்றுச் சாய்ந்து வந்து சேர்வதையும் கண்டார். ஏன் சாய்ந்தது? இயந்திரத்தின் மேல் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். இயந்திரமே இடப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. அது ஏன் சாய்ந்தது? அடியிலிருந்த கற்பலகையின் ஓரத்தில் மண் கரைந்து குழிவிழுந்திருந்தது. மண் ஏன் கரைந்தது? வியர்வை நீர் வடிய வேண்டிய துளையை ஒரு குளவி தன் மண்கூட்டால் அடைத்துவிட்டிருந்தது. வழியிழந்த நீர் இடப்பக்க விளிம்பில் வழிந்து, நாள்தோறும் ஒரே இடத்தில் விழுந்து மண்ணை அரித்திருந்தது.

இளைஞன் வாயடைத்து நின்றான். தீங்கற்ற நீருக்கு வழி அடைபட்டதால் மண் கரைந்தது. மண் கரைந்ததால் இயந்திரம் சாய்ந்தது. இயந்திரம் சாய்ந்ததால் மூட்டு இழுபட்டது. மூட்டு இழுபட்டதால் உண்மையான கசிவு பிறந்தது. வியர்வையை யாரும் கவனியாமல் விட்டதனால் அது கசிவாக வளர்ந்தது. கசிவை மட்டும் அடைத்துவிட்டுச் சென்றிருந்தால், சில திங்களில் புதிய வளையமும் பழையபடியே நசுங்கிப் போயிருக்கும். நோய் இன்னதென்று ஆராய்ந்து, அதன் காரணத்தை ஆராய்ந்து, அதனைத் தணிக்கும் வழியை ஆராய்ந்து, பின்னரே செயற்பட வேண்டும் என்னும் கருத்தை வள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் உரைத்தார். மனித உடலுக்குச் சொன்ன அந்த முறை, அன்று ஓர் இயந்திரத்துக்கும் பொருந்தியது.

அதன்பின் வேலை தொடங்கியது. முதியவர் மின்னிணைப்பைத் தலைமைப் பெட்டியிலேயே துண்டித்து, 'வேலை நடைபெறுகிறது' என்னும் அட்டையைத் தொங்கவிட்டார். இயந்திரத்துக்கு நீர் வரும் வால்வையும் நீர் செல்லும் வால்வையும் மூடி, உள்ளிருந்த நீரை வடித்தார். பிறகு யூனியன் மூட்டைக் கழற்றினார். வளையம் கருத்து, இறுகி, ஒருபுறம் தட்டையாகியிருந்தது; வளைத்தபோது நுண்ணிய வெடிப்புகள் தெரிந்தன. கற்பலகையைத் தூக்கி, குழியில் சரளைக்கல் இட்டுக் கெட்டித்து, மீண்டும் பலகையை வைத்து மட்டம் பார்த்தனர். குளவிக்கூட்டை அகற்றி, வடிதுளையில் ஒரு சிறு குழாயைப் பொருத்தி, நீர் வடிகாலுக்குச் செல்லுமாறு செய்தனர். நீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். டிங்கிக் காய்ச்சல் பரவும். குழந்தைகள் நடமாடும் இடத்தில் அது பொறுக்கத்தக்கதன்று.

புதிய வளையத்துக்குத் தடவ இளைஞன் பெட்ரோலியக் களிம்பை எடுத்தான். "அது வேண்டாம் தம்பி. அந்த எண்ணெயில் இந்த ரப்பர் ஊறிப் பருத்துவிடும். சிலிக்கோன் களிம்பை எடு" என்றார் முதியவர்.

"இது நம் தோட்டத்து ரப்பரா மாமா?"

"இல்லை. இது ஆலையில் செய்த செயற்கை ரப்பர். ஆனால், மரத்து ரப்பருக்கும் அந்த எண்ணெய் பகைதான்."

மூட்டைப் பொருத்தியபோது இளைஞன் பெரிய ஸ்பேனரால் வலிந்து முறுக்க முற்பட்டான். முதியவர் அதை வாங்கிக் கீழே வைத்தார். "இதைக் கையால் இறுக்கினால் போதும். அளவுக்கு மேல் இறுக்கினால் வளையம் பிதுங்கும், பிவிசி வெடிக்கும். உன் பாட்டி மரம் வெட்டியதை நீ பார்த்ததில்லை. பட்டையை மட்டும் சீவ வேண்டும். ஆழமாக வெட்டினால் மரம் காயப்படும். மேலாக வெட்டினால் பால் வராது. எவ்வளவு போதும் என்று கை அறிய வேண்டும்" என்றார். இளைஞன் கையால் இறுக்கினான். அவன் முகத்தில் வழக்கமாகத் தோன்றும் சலிப்பு அப்போது இல்லை.

வால்வுகளைத் திறந்து, நீரை மட்டும் ஓடவிட்டு, மூட்டைச் சுற்றி மீண்டும் உலர்ந்த தாளைக் கட்டினர். இனிக் காத்திருப்பதே வேலை. இருவரும் சுவர் நிழலில் அமர்ந்து, கட்டி வந்த சோற்றை உண்டனர். அப்போது முதியவர் கருவிப்பெட்டியிலிருந்த குழாய்த் துண்டை எடுத்து இளைஞனின் கையில் வைத்தார்.

"இது டைட்டேனியம். 1791ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் கண்டுபிடித்த உலோகமாம். நம் கிந்தா வட்டாரத்தில் ஈயம் தோண்டியபோது கழிவென்று ஒதுக்கிய கருமணலிலும் இதன் தாது இருக்கிறது. குளோரினும் உப்பும் இதை எளிதில் தின்ன முடியாது. அதனால்தான் வெப்பப் பம்புக்குள் இதை வைக்கிறார்கள்" என்றவர், சிறிது நேரம் பேசாமலிருந்து, பிறகு அதன் கதையைச் சொன்னார்.

இருபது ஆண்டுகளுக்கு முன், கைக்குழந்தைகளுக்கு நீச்சல் கற்பித்து வாழ்ந்த பெண்மணி ஒருவர் அவரை அழைத்தார். இயந்திரத்தின் அடியில் நீர் தேங்கியிருந்தது. அந்நாளில் அவருக்கு இவ்வகை இயந்திரங்களில் பழக்கம் குறைவு. தெரியாது என்று சொல்லத் தன்மானம் இடம் தரவில்லை. வெப்பக்குழாய் உடைந்துவிட்டது என்று கூறிவிட்டார். அப்பெண்மணி கடன் வாங்கிப் புதிய இயந்திரம் வாங்கினார். அதனைப் பொருத்தியவரும் இவரே. மூன்றாம் நாள் தொலைபேசி ஒலித்தது. "ஐயா, இதுவும் உடைந்துவிட்டதா?" என்று அவர் கேட்டார். அக்குரலில் சினம் இல்லை, அச்சமே இருந்தது. ஓடிச் சென்று பார்த்தார். புதிய இயந்திரத்தின் அடியிலும் அதே நீர்.

அன்றிரவு பட்டறையில் பழைய இயந்திரத்தைப் பிரித்து, வெப்பக்குழாயை வெளியே எடுத்தார். அதில் ஒரு கீறலும் இல்லை. அறுத்துப் பார்த்தார்; உள்ளும் புறமும் பழுதின்றி இருந்தது. அது வியர்த்தது, அவர் உடைந்தது என்றார். மறுநாள் அப்பெண்மணியிடம் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று புறப்பட்டார். ஆனால், "இது இயல்புதான், அஞ்சாதீர்கள்" என்று மட்டும் சொல்லித் திரும்பிவிட்டார். பழைய இயந்திரமும் அவ்வாறே இயல்பாக இருந்தது என்னும் மற்றைப் பாதியை அவர் நா சொல்லவில்லை. ஓராண்டு கழித்துத் துணிவு வந்தது. சிறிது பணமும் சேர்ந்தது. அங்கே போனபோது நீச்சற்பள்ளி இல்லை. வேறொருவர் குடியிருந்தார். அப்பெண்மணி எங்கே சென்றார் என்று சொல்வார் இல்லை.

"கடனால்தான் மூடினாரா என்று எனக்குத் தெரியாது. தெரியாமலே இருபது ஆண்டுகள் போய்விட்டன. இந்தத் துண்டு பெட்டியில் இருந்தால், அடுத்த வீட்டில் வாய் திறக்குமுன் கை இதைத் தொடும். அதற்காக வைத்திருக்கிறேன்" என்றார் முதியவர்.

இளைஞன் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல், கைக்குட்டையால் துடைத்துப் பெட்டியில் மீண்டும் வைத்தான்.

மூட்டைச் சுற்றியிருந்த தாள் நனையவில்லை. வெப்பப் பம்பை இயக்கினர். சிறிது நேரத்தில் இடப்பக்கத்து வடிகுழாயின் முனையில் தெளிந்த நீர் சொட்டத் தொடங்கியது. வலப்பக்க மூட்டின்கீழ் முதியவர் காலியான பால் டின் ஒன்றை வைத்தார். பொறுப்பாளரையும் காவலாளியையும் அழைத்து, "இடப்பக்கத்துக் குழாயில் நீர் வந்துகொண்டுதான் இருக்கும். அது வியர்வை, அது வராவிட்டால்தான் துளை அடைபட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த டின்னில் நீர் கண்டால் என்னை அழையுங்கள்" என்றார்.

அம்மையார் நெடுமூச்சு விட்டார். "அப்படியானால், முன்னே வந்தவர் எங்களை ஏமாற்றினாரா ஐயா?"

"அப்படிச் சொல்ல மாட்டேன் அம்மா. நீர் விழுவதைக் கண்டார்; கண்டதற்கு அவசரமாய் ஒரு பெயர் வைத்துவிட்டார். நானும் ஒரு காலத்தில் வைத்தவன்தான்" என்றார் அவர்.

வளையங்கள், சரளைக்கல், வடிகுழாய், ஒருநாள் கூலி எனக் கணக்கெழுதி 180 வெள்ளிக்குச் சீட்டுக் கொடுத்தார். வேனில் ஏறியதும் இளைஞன், "இருபதாயிரத்தை மிச்சப்படுத்தினோமே மாமா. ஆயிரம் கேட்டாலும் மகிழ்ந்து கொடுத்திருப்பார்களே" என்றான். "நாம் செய்த வேலைக்குத்தான் கூலி. அவர்களுடைய அச்சத்துக்குக் கூலி வாங்கக் கூடாது" என்றார் முதியவர். அதற்குமேல் அவன் கேட்கவில்லை.

ஒரு வாரம் சென்றது. வேறோர் இடத்தில் முதியவர் ஏணியின்மேல் நின்று வேலை செய்துகொண்டிருந்தபோது அவருடைய கைப்பேசி ஒலித்தது. இளைஞன் எடுத்தான். மறுவாழ்வு நிலையத்தில் புதிதாய்ப் பணியேற்ற இரவுக் காவலாளி பேசினார். நீர் விழுகிறது, போச்சோர், உடனே வர வேண்டும் என்றார். மூன்று திங்களுக்கு முன் என்றால் இளைஞனும் அச்சொல்லையே திருப்பிச் சொல்லியிருப்பான். அன்று அவன் மலாயில் நிதானமாக வினவினான்: எந்தப் பக்கம்? டின்னில் நீர் இருக்கிறதா? தொட்டுப் பாருங்கள், குளிர்ந்திருக்கிறதா, சூடாயிருக்கிறதா? மறுமுனையில் சிறிது நேரம் அமைதி. பிறகு விடைகள் வந்தன. டின் உலர்ந்திருந்தது; இடப்பக்கத்து நீர் குளிர்ந்திருந்தது. "அஞ்ச வேண்டாம், இயந்திரத்துக்கு வியர்க்கிறது" என்று இளைஞன் சொன்னான். பிறகு சற்று எண்ணிப் பார்த்து, "ஆயினும் மாலையில் வந்து நேரில் பார்க்கிறேன்" என்றும் சேர்த்துச் சொன்னான்.

ஏணியின்மேல் நின்ற முதியவர் திரும்பிப் பார்க்கவில்லை; வேலையையும் நிறுத்தவில்லை. மழைநாளில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெளியே பார்க்கச் சொன்ன ஆசிரியர் அப்போது அவர் நினைவுக்கு வந்தார். அவர் கற்பித்த சொற்கள் தோட்டத்தைத் தாண்டி, பட்டறையைத் தாண்டி, அப்பள்ளியையே பார்த்திராத ஓர் இளைஞனின் நாவில் வந்து நின்றன.

அன்று மாலை நிலையத்தின் குளத்தில் நீர் 33 பாகையில் இருந்தது. பயிற்சியாளரின் கையைப் பற்றிக்கொண்டு ஒரு சிறுமி இரண்டடி நடந்தாள். சுவருக்கு அப்பால் வெப்பப் பம்பு ஓடிக்கொண்டிருந்தது; அதன் வியர்வை சிறு குழாய் வழியே வடிகாலுக்குச் சென்றது. இளைஞன் குனிந்து டின்னைத் தொட்டுப் பார்த்தான். அது உலர்ந்திருந்தது.